பையனுக்குப் பெயரும் செல்லப் பெயரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொடக்கப் பள்ளியில் இருபத்தாறு ஆண்டுகள் வருகைப் பதிவேடு எழுதியவள் நான். ஒவ்வொரு ஜூன் மாதமும் சேர்க்கைக்கு வரும் பையனிடம் "உன் பேர் என்ன சாமி?" என்று கேட்டால் அவன் ஒன்று சொல்வான், கையில் இருக்கும் சான்றிதழ் வேறொன்று சொல்லும், பின்னால் நிற்கும் பாட்டி மூன்றாவதாக ஒன்றைச் சொல்லித் திருத்துவார். அதனாலோ என்னவோ, உறவிலும் தெருவிலும் யாருக்குப் பையன் பிறந்தாலும் பெயர் விஷயம் என்னிடம் வந்துவிடுகிறது. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, நான் சொல்லிவரும் பதில்களைக் கீழே சேர்த்திருக்கிறேன்.

"பேரை முதல்ல முடிவு பண்ணணுமா, செல்லப் பேரையா?"

இரண்டையும் சேர்த்தே யோசியுங்கள். பதிவுப் பெயருக்கு மாதக்கணக்கில் பட்டியல் போடுகிறார்கள். செல்லப் பெயர் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறார்கள். பிள்ளையின் காதில் நாள் முழுக்க விழுவதோ செல்லப் பெயர்தான். ஒன்றாம் வகுப்பின் முதல் வாரத்தில் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டால், இரண்டு மூன்று பையன்களாவது "உள்ளேன் டீச்சர்" சொல்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். அது தங்கள் பெயர் என்றே அவர்களுக்குத் தெரியாது. பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டால்தான் நிமிர்ந்து பார்ப்பார்கள். எத்தனை வருடம் பார்த்தாலும் எனக்கு அது மனசு கஷ்டமாகவே இருந்தது.

பதிவுப் பெயருக்குள் இருந்தே செல்லப் பெயர் கிளைத்தால் இந்தத் தடுமாற்றம் வராது. கதிரவன் வீட்டில் கதிர். புகழேந்தி வீட்டில் புகழ். பள்ளியில் முழுப் பெயர் காதில் விழும்போது பாதியாவது பழகியதாக இருக்கும்.

"நீளமான பேர் வெச்சா எப்படியும் சுருக்கிடுவாங்க. எப்படிச் சுருக்குவாங்கன்னு முன்னாடியே தெரியுமா?"

பெரும்பாலும் தெரியும். நம் வாய் பெயரை மூன்று வகையில் சுருக்குகிறது. முதல் பாதியை வைத்துக்கொண்டு பின்பாதியை விடுவது ஒன்று: கார்த்திகேயன் கார்த்தி, முத்துக்குமார் முத்து, செல்வராஜ் செல்வா. பின்பாதியை எடுத்துக்கொள்வது இன்னொன்று: தண்டபாணி பாணி, நெடுஞ்செழியன் செழியன். முதல் எழுத்துகளோடு ஓர் உகரத்தையோ இகரத்தையோ சேர்ப்பது மூன்றாவது: வைத்தியநாதன் வைத்தி, தியாகராஜன் தியாகு, விஸ்வநாதன் விசு, சீனிவாசன் சீனு, ராமநாதன் ராமு. சுப்பிரமணியன் ஒரு பெயரிலேயே சுப்பு, மணி என்று இரண்டு வழி இருக்கிறது. கிருஷ்ணன் கிட்டுவாகவும் கிச்சாவாகவும் ஆனது வேறு ரகம். அதெல்லாம் மழலை வாய் செய்த வேலை.

நீங்கள் நினைத்திருக்கும் பெயரை இந்த மூன்று வகையிலும் சுருக்கிப் பாருங்கள். மூன்றில் ஒன்று உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால், அதைத்தான் யாராவது பிடித்துக்கொள்வார்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். மீனாட்சிசுந்தரம் என்ற அழகான பெயரைச் சுமந்த ஒரு பையனை வகுப்பில் எல்லோரும் மீனா என்று கூப்பிட, நான் தலையிட்டுச் சுந்தர் என்று மாற்ற ஒரு வருடம் ஆனது. பிறந்ததிலிருந்தே வீட்டில் சுந்தர் என்று கூப்பிட்டிருந்தால் பிரச்சினையே இல்லை. செல்லப் பெயரை வீடு முந்திக்கொள்ள வேண்டும்.

"மாமனார் பேரைத்தான் வைக்கணும்னு சொல்றாங்க. நான் எப்படி அதைச் சொல்லிக் கூப்பிடறது?"

தாத்தா பெயரைத் தாங்குவதால்தான் பெயரன்; அதுவே பேரன் ஆனது. இவ்வளவு பழைய வழக்கத்துக்கு உள்ளேயே உங்கள் கேள்விக்கும் பதில் இருக்கிறது. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்றிருந்த வீடுகளில், அதே பெயர் வைத்த பிள்ளையைத் தாய் வேறு பெயரால்தான் கூப்பிட்டாள். சின்னையா, பெரியசாமி, ராசா, தம்பி, துரை எல்லாம் பல வீடுகளில் இப்படிப் புழங்கியவை. ஆக, உங்கள் சங்கடம் புதியது இல்லை. செல்லப் பெயர்கள் பல இந்தச் சங்கடத்தில் பிறந்தவைதான்.

இன்று தயக்கம் வேறு மாதிரி. பிள்ளையைத் திட்டும்போது மாமனாரைத் திட்டுவது போல ஆகிவிடுமே என்கிறார்கள். அது நியாயமான தயக்கம்தான். தாத்தா பெயரைப் பதிவில் வையுங்கள். கூப்பிடும் பெயரை நீங்கள், அதாவது தாய், தேர்ந்தெடுங்கள். இதை முன்கூட்டியே மாமியாரிடம் பேசிவிடுவது நல்லது. தாத்தா பெயரை நேரடியாக வைக்காமல் அதன் பொருளை மட்டும் எடுத்துக்கொள்ளும் வழியும் உண்டு. அதைத் தமிழ்ப் பெயர் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

"மாடர்னா, சின்னதா ஒரு பேர். கூப்பிட நல்லா இருக்குமான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

வாசலில் நின்று தெருமுனை வரை கேட்கும்படி கூப்பிட்டுப் பாருங்கள். இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. முருகன் என்றால் "முருகா…" என்று இழுக்கலாம். நம்பி என்றால் "நம்பீ…" என்று நீளும். பெயர் விளிக்கும்போது எப்படி மாறும் என்பதற்குத் தொல்காப்பியத்தில் விளிமரபு என்று ஓர் இயலே இருக்கிறது: அன் என்று முடிந்தால் ஆ ஆகும், இகரம் ஈ ஆகும், ஐகாரம் ஆய் ஆகும். பக்கத்தில் இருப்பவனைக் கூப்பிட அன் வெறும் அகரமாக நின்றுவிடும் என்றுகூட அதில் இருக்கிறது. தூரம், பக்கம் பார்த்துப் பெயரை நீட்டியும் குறுக்கியும் கூப்பிட்ட மொழி இது.

இப்போது பரவலாக இருக்கும் பெயர்கள் பல த், க், ஷ் என்று மெய்யில் முடிகின்றன: ரித்விக், தர்ஷித், யாஷ் என்பது போல. இழுப்பதற்கு அங்கே உயிரெழுத்து இல்லை. அதனால்தான் பாட்டி அதை "தர்சித்து" ஆக்குகிறார். அது பாட்டிக்குப் படிப்பு இல்லாததால் வந்த பிழை இல்லை; வல்லின மெய்யில் சொல்லை முடிக்காத நம் மொழி தானாக ஓர் உகரத்தைச் சேர்த்துக்கொள்கிறது. உங்களுக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தால் தாராளமாக வையுங்கள். ஆனால் பாட்டி சொல்வதைத் திருத்திக்கொண்டே இருக்காதீர்கள். பாட்டி சொல்லும் விதம் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் இழுத்துக் கூப்பிட வசதியான செல்லப் பெயர் ஒன்றைச் சேர்த்தே வைத்துவிடுங்கள்.

"நட்சத்திரப்படி 'லா'விலதான் ஆரம்பிக்கணுமாம். பேரே கிடைக்கலையே?"

27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் நான்கு பாதம், ஆக 108 எழுத்துகள். அசுவினிக்குச் சு, சே, சோ, லா. ரோகிணிக்கு ஓ, வ, வி, வு. திருவாதிரையின் மூன்றாம் பாதத்துக்கு ங. அதில் என்ன பெயர் வைப்பது? இந்த அட்டவணை வடமொழி ஒலிகளை ஒட்டி அமைந்தது. தமிழில் சொற்கள் ர, ல போன்றவற்றில் தொடங்குவதில்லை. அதனால்தான் ராமன் இராமன் ஆனான், லட்சுமணன் இலக்குவன் ஆனான். எனவே லகர எழுத்து வந்தால் இலக்குவன், இலக்கியன் போன்ற பெயர்களைப் பாருங்கள். முன்னால் வரும் இகரம் துணைக்கு வந்ததுதானே.

அதுவும் ஒத்துவரவில்லை என்றால், பெயர் சூட்டும் நாளில் காதில் மூன்று முறை சொல்லும் பெயரை மட்டும் நட்சத்திர எழுத்தில் வைத்துக்கொண்டு, பதிவுக்கும் கூப்பிடவும் வேறு பெயர் வைக்கும் வீடுகள் எத்தனையோ. பெரியவர்கள் மனசும் நிறையும்.

"தமிழ்ப் பேர் வைக்க ஆசை. ஆனா ரொம்பப் பழசா இருக்குமோ?"

பாரி, ஓரி, காரி, நள்ளி, பேகன் என்று கடையெழு வள்ளல்களின் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். இரண்டு மூன்று எழுத்துதான். இன்று தேடித் தேடி வைக்கும் பெயர்களைவிடச் சின்னவை. கபிலன், பரணன், இளங்கோ, முகிலன், அமுதன், ஆதவன், நிலவன்… எதுவும் வாயில் தடுக்குவதில்லை. செல்லப் பெயரும் சுலபம்: முகில், அமுது, ஆது. எனக்குத் தமிழ் என்பதையே கூப்பிடும் பெயராகக் கொண்ட தமிழரசன், தமிழ்ச்செல்வன் வகையும் மிகவும் பிடிக்கும்.

முன்பு சொன்ன பொருள் மாற்றும் வழி இதுதான். வேதாசலம் என்ற பெயரில் வேதம் மறை, அசலம் மலை; அவர் மறைமலை அடிகள் ஆனார். சூரியநாராயண சாஸ்திரியார் பரிதிமாற் கலைஞர் ஆனார். அதுபோலத் தாத்தா சந்திரசேகரன் என்றால் பேரனைப் பிறைசூடன் என்று வைக்கலாம். சுந்தரம் என்றால் எழிலன். பாஸ்கரன் என்றால் கதிரவன். தாத்தா பெயரும் இருக்கிறது, பேரனுக்கென்று தனிப் பெயரும் இருக்கிறது. இதைக் கேட்டுக் கோபித்துக்கொண்ட தாத்தாவை நான் இன்னும் பார்க்கவில்லை.

"நெட்ல இதுக்கு 'சூரியனின் முதல் கதிர்'னு அர்த்தம் போட்டிருக்கு. நம்பலாமா?"

அப்படியே நம்ப வேண்டாம். கேட்க இனிமையாக இருக்கும் ஓர் ஒலிக்கு வெற்றி, ஒளி, சிவன் என்று ஏதாவது ஒரு பொருளை ஒட்டிவிடும் பட்டியல்கள் ஏராளம். தமிழ்ச் சொல் என்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியில் தேடுங்கள். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, இணையத்திலும் தேடலாம். வடமொழி, அரபுப் பெயர் என்றால் அந்த மொழி படித்த ஒருவரிடம் கேளுங்கள். "என் பேருக்கு என்ன அர்த்தம்?" என்று ஏழெட்டு வயதில் பையன் கேட்பான். அப்போது சொல்ல உண்மையான ஒரு பதில் இருக்க வேண்டும்.

"எங்க தாத்தா பேரு குப்புசாமி. அதை வெச்சா பள்ளிக்கூடத்துல கிண்டல் பண்ண மாட்டாங்களா?"

குப்பு என்ற பெயரின் கதை உங்களுக்குத் தெரிந்தால் அந்தப் பெயரைப் பார்க்கும் விதமே மாறும். முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில், அடுத்த பிள்ளையைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்து, "இது எங்களுடையது இல்லை, குப்பையில் கிடைத்தது" என்று எமனுக்குச் சொல்வது போல வைத்த பெயர் அது. பிச்சை, பிச்சைமுத்து என்பதும் அதே வகை: பிச்சையாகக் கிடைத்த பிள்ளை, பறித்துக்கொள்ளாதே என்று. ஒரு தாயின் பயமும் வேண்டுதலும் அந்தப் பெயருக்குள் இருக்கிறது. உங்கள் தாத்தாவுக்கு முன்னால் எத்தனை பிள்ளைகள் இறந்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

குலசாமி பெயர்களும் இப்படித்தான். கருப்பசாமி, முனியாண்டி, அய்யனார் எங்கும் உண்டு; நெல்லைப் பக்கம் சுடலைமுத்து, இசக்கிமுத்து, பேச்சிமுத்து, மாடசாமி. இந்தப் பெயர்களைச் சொல்லி யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் பிள்ளைகள் கிண்டல் செய்வதும் உண்மை, அதை நான் மறைக்க மாட்டேன். கிண்டலைத் தாங்க வைப்பது பெயரின் கதைதான். கதை தெரிந்த பையன் நிமிர்ந்து சொல்வான். பெயரை வைத்துவிட்டுக் கதையைச் சொல்லாமல் விட்டால்தான் அவன் கூனிப்போகிறான். தயக்கம் தீரவில்லை என்றால் முத்து, சாமி போன்ற பகுதியை மட்டும் எடுத்து இன்னொரு சொல்லோடு சேர்க்கலாம்.

"நாங்க கிறிஸ்தவங்க. ஞானஸ்நானப் பேர் ஒண்ணு, வீட்டுப் பேர் ஒண்ணுன்னு இருக்கலாமா?"

தாராளமாக. புனிதர் பெயரையே தமிழில் வைப்பதும் நம் ஊரில் பழைய வழக்கம். இராயப்பன் என்றால் பேதுரு, சின்னப்பன் என்றால் பவுல், அருளப்பன் என்றால் யோவான், சூசை என்றால் யோசேப்பு. சவேரியார் பெயர்தான் சவரிமுத்து. அருள், சூசை, சவரி என்று செல்லப் பெயரும் தயாராக இருக்கிறது. இந்தப் பெயர்கள் அருகிவருவதில் எனக்கு வருத்தம் உண்டு.

"எங்க பையன் பேர் அப்துல்லில் ஆரம்பிக்குது. அப்துல்னு கூப்பிடலாமா?"

அப்துல் என்பது தனிப் பெயர் இல்லை. இன்னாருடைய அடியான் என்பதில் 'உடைய அடியான்' என்ற பகுதி மட்டும்தான் அது. பின்னால் வருவது இறைவனின் திருப்பெயர். அதனால் விவரம் அறிந்த வீடுகளில் இரண்டையும் பிரிக்காமல் முழுதாகவே சொல்கிறார்கள்; அல்லது முற்றிலும் வேறொரு வீட்டுப் பெயர் வைக்கிறார்கள். நாகூர் ஆண்டவர் நினைவாக வைக்கும் சாகுல் ஹமீது என்ற பெயரைச் சாகுல் என்று சுருக்கிக் கூப்பிடுவது ஊரெல்லாம் உள்ள வழக்கம்.

"இனிஷியலோட சேர்த்துச் சொல்லிப் பாக்கணுமாமே, எதுக்கு?"

குறிப்பாக அப்பா பெயர் அகரத்தில் தொடங்கினால் கட்டாயம் பாருங்கள். வடமொழியில் முன்னால் வரும் அகரம் பொருளைத் தலைகீழாக்கும். அ. ஞானம் என்பது அஞ்ஞானம் போலக் கேட்கும். அ. தர்மன் அதர்மன் ஆகிவிடுவான். அ. சத்தியனும் அப்படியே. அ. அறிவழகன், அ. கதிரவன் என்று தமிழ்ப் பெயராக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று தமிழ்நாட்டில் அரசாணை இருப்பதால், தமிழ் எழுத்தோடு சேர்த்தே சொல்லிப் பாருங்கள்.

"இங்கிலீஷ்ல எப்படி எழுதறது? எண் கணிதம் பாத்து ஓர் எழுத்து கூட்டச் சொல்றாங்க."

ழகரத்துக்கு நாம் இசட், எச் என்று இரண்டு எழுத்து போடுகிறோம். வடக்கே போனால் எழிலனை எஸிலன் என்றுதான் வாசிப்பார்கள். அதற்காக ழகரப் பெயரை விட்டுவிட வேண்டியதில்லை. பையன் ஒரு முறை சொல்லிக் கொடுத்தால் போதும். கார்த்திக் போன்ற பெயர்களில் தகரத்துக்கு டி மட்டுமா, எச்சும் சேர்த்தா, ஒன்றா இரண்டா என்பதுதான் உண்மையான தலைவலி. பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி என்று அலையும் பெற்றோர்களை வருடம் தவறாமல் பார்த்தேன்.

எண் கணிதத்தில் நம்பிக்கை இருந்தால், பிறப்புப் பதிவில் பெயர் ஏறுவதற்கு முன்னாலேயே பார்த்து முடித்துவிடுங்கள். பிறகு எழுத்தைக் கூட்டினால் ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கப்போவது நீங்கள்தான். எழுத்து முடிவானதும் ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒட்டிவையுங்கள். படிவம் நிரப்பும் சித்தப்பாவும் அதையே பார்த்து எழுதட்டும்.

"ஆஸ்பத்திரியிலேயே பேர் கேக்கறாங்க. இன்னும் முடிவாகல. என்ன பண்றது?"

அவசரப்படாதீர்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயரை அப்போதே பதிய வேண்டும் என்பதில்லை. பெயர் இல்லாமல் பதிந்துவிட்டு, 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம். அதன் பிறகு 15 ஆண்டுகள் வரை தமிழ்நாட்டில் 200 ரூபாய் தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ஆனால் ஒருமுறை பதிந்த பெயரைப் பிறகு விருப்பத்துக்கு மாற்ற முடியாது, எழுத்துப் பிழையை மட்டும் திருத்தலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்பதால், யாரோ வாயில் வந்த பெயரை அதில் ஏற்றிவிடாதீர்கள். நான்கைந்து மாதம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பதிவதே நல்லது.

"வெறும் ஒரே பேர் இருந்தா வெளிநாடு போறப்ப கஷ்டமா?"

கொஞ்சம் கஷ்டம்தான். அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர் உள்ளவருக்கு முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'முதற்பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கத்தை எழுதிவிடுகிறார்கள். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருவோருக்கு அனுமதி இல்லை என்று அறிவித்து, பிறகு தந்தை பெயர் பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் இருந்தால் போதும் என்றது. பாஸ்போர்ட் எடுக்கும்போது இனிஷியலை விரித்து அப்பா பெயரையோ அம்மா பெயரையோ குடும்பப் பெயருக்கான இடத்தில் எழுதிவிட்டால் போதும்.

"செல்லப் பேரையே பதிவுப் பேரா வைக்கலாமா?"

ராஜா, துரை, செல்லப்பா, ஆசைத்தம்பி எல்லாம் அப்படி வந்தவைதானே. ஐந்து வயதிலும் ஐம்பது வயதிலும் பொருந்துமா என்று மட்டும் பாருங்கள். செல்லப்பா பொருந்தும். சின்னு, பப்பு பொருந்தாது.

"எங்க வீட்ல ஒரு பேர், அவங்க வீட்ல ஒரு பேர். குழந்தை குழம்பிடாதா?"

குழம்ப மாட்டான். அம்மாச்சி வீட்டில் கண்ணன், அப்பத்தா வீட்டில் ராசு என்று இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பான். ஒரே ஒரு வேலை செய்யுங்கள். மூன்று வயதில் இருந்து பதிவுப் பெயரையும் தினம் ஒரு முறையாவது சொல்லிக் கூப்பிடுங்கள், முதல் பதிலில் சொன்ன அந்த ஜூன் மாதத்துக்காக.

"என் அண்ணன் சின்ன வயசுலயே தவறிட்டான். அவன் பேரை என் பையனுக்கு வைக்கலாமா? அம்மா தாங்குவாங்களான்னு பயமா இருக்கு."

முதலில் அம்மாவிடம் தனியாகக் கேளுங்கள், ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு இல்லை. சிலருக்கு அந்தப் பெயர் மறுபடி வீட்டில் ஒலிப்பது ஆறுதல். சிலருக்கு ஒவ்வொரு முறையும் காயம். அம்மா சரி என்று சொன்னாலும் கூப்பிடும் பெயரை வேறாக வையுங்கள் என்றுதான் சொல்வேன். ஏனென்றால் அந்தப் பிள்ளை இன்னொருவனின் இடத்தை நிரப்ப வந்தவன் ஆகிவிடக் கூடாது.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மாமா பெயரைப் பதிவில் வைத்துவிட்டு, முகில் என்று கூப்பிட்டார்கள். ஒரு வருடம் பாட்டி பதிவுப் பெயரைச் சொல்லவே இல்லை. பிறகு ஒரு நாள் சோறூட்டும்போது அவரே அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். இன்றும் அந்த வீட்டில் பாட்டி ஒருவர்தான் அவனை அப்படிக் கூப்பிடுகிறார்.

"பத்து வயசு ஆகுது. 'ஃபிரெண்ட்ஸ் முன்னாடி குட்டின்னு கூப்பிடாதீங்க'ன்னு கோபப்படறான். விட்டுடணுமா?"

வெளியில் விட்டுவிடுங்கள். வீட்டுக்குள் கூப்பிடலாமா என்று அவனையே கேளுங்கள். நான் பார்த்தவரை பெரும்பாலான பையன்கள் வீட்டுக்குள் சரி என்றுதான் சொல்கிறார்கள். வாசலைத் தாண்டினால் பதிவுப் பெயர் அல்லது அதன் சுருக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டு அக்கா எல்லோருக்கும் நீங்களே சொல்லிவிடுங்கள். அவன் ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டுக்கொண்டிருக்கும்படி விடாதீர்கள்.